பூட்டிக் கிடந்த நாவல்

“நான் மறக்கேல்லைப் பிள்ளை. என்ர பேரை மறந்தாலும் அந்தப் பாஸ்வேர்டை மறக்க மாட்டன்.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை, அங்கிள்,” என்றாள் கோபிஷா. சூக் நகரில் கணினிப் பாதுகாப்பு வேலை அவளுக்கு. மேல்வீட்டுப் பிள்ளை என்பதால், சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் தயாபரன் வீட்டுக் குசினி மேசைக்குத் தன் சனிக்கிழமையைத் தாரைவார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் கிடந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்குக்குள்தான் தயாபரனின் நாவல் இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து, வருடக்கணக்காக எழுதியது. உலக இலக்கியத்தை மொழிபெயர்ப்பில் கரைத்துக் குடித்த மனிதர். யாராவது திருடிப் பிரெஞ்சில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, பூட்டி வைத்தார். மனைவிக்குக்கூட ஒரு வரி காட்டவில்லை.

ஒருநாள் அது திறக்க மறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஏறுமுகம்தான். பேர்ன் வாசகர் வட்டம் ‘தொலைந்த காவியம்’ என்று கதைத்தது, பொன்னாடைகூடப் போர்த்தியது. ஆனால் பொன்னாடையை யார் வாசிப்பது? அவருக்கு நாவல் வேண்டும்.

“இன்னொருக்கா அடியுங்கோ பாப்பம்.”

வழக்கம்போல் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிச் சொல்லி, ஒற்றை விரலால் அடித்தார். பிழை என்றது திரை.

மனைவி பிரபாலினி தேத்தண்ணியோடு வந்தாள். “விடுங்கோவன் அப்பா. கதையில வாற அந்த மனிசன் பாவம், பனிக்குள்ளயே நடந்து திரியட்டும். நீங்கள் புதுசா ஒண்டு எழுதுங்கோ.”

என்ன நுட்பமான ஆறுதல்! எழுத்தாளனுக்கு வாய்த்த மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தயாபரன் உருகிப்போனார்.

“ஒரு மொமென்ட் அங்கிள்! பாஸ்வேர்ட் இல்லாமத் திறக்கிற மீட்பு நம்பர் உங்கட பழைய ஈமெயில் கணக்கில கிடக்கு.”

கோபிஷா அந்த நீண்ட நம்பரை அடித்தாள். திறந்தது. தயாபரனுக்குக் கண் கலங்கியது. மனதுக்குள் கோட் போட்டுக்கொண்டு ஏதோவொரு ஐரோப்பிய மேடையில் ஏறி, குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டார்.

கோபிஷா மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். “நீங்கள் மறக்கேல்லைத்தான் அங்கிள். ஆரோ பாஸ்வேர்டை மாத்தியிருக்கினம். இந்தக் கொம்பியூட்டரில இருந்துதான்.”

“பாத்தியே பிரபா!” துள்ளி எழுந்தார் தயாபரன். “திருட வந்திருக்கிறாங்கள்! என்ர எழுத்துக்கு அவ்வளவு பெறுமதி!”

பிரபாலினி அவர் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

“நான்தான் மாத்தினனான். முழுக்க வாசிச்சிட்டு.”

தயாபரன் மறுபடியும் எழும்பப் பார்த்தார்.

“இப்ப சனம் உங்களைப் பெரிய எழுத்தாளர் எண்டு நம்புது,” என்றாள் அவள், கையை விடாமல். “அதை அப்பிடியே விடுங்கோவன், அப்பா.”