அஞ்சு பலாமரம்

சாந்தம்மாவின் புயலில் இந்த வருஷம் இன்னும் நாலு பலாமரம் சேர்ந்து விழுந்தது.

போன வருஷம் சொன்னபோது ஒரே மரம்தான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் மரம். இப்போது அஞ்சும் அவள் வீட்டு மரமாகிவிட்டது.

அவரைக்காய் சீசன் வந்தால் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்குப் புயல் பேச்சும் வந்துவிடும். கம்பெனியில் ஷிப்ட் இல்லாத சாயங்காலத்தில் ஊறவைத்த கொட்டையைக் குண்டானில் எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருவார்கள். தோலைப் பிதுக்கிப் பருப்பை எடுக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும்.

சாந்தம்மாவுக்குப் பண்ருட்டி. அவளுடையது 'தானே' புயல். எதிர்வீட்டு வஜிஹாவுக்கு அதிராம்பட்டினம். அவளுடையது கஜா.

எது பெரிய புயல் என்று ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து ஒரு மாசம் கரண்ட் இல்லை என்பாள் வஜிஹா. எங்களுக்குப் பொங்கலே இருட்டில்தான் என்பாள் சாந்தம்மா. வஜிஹா வீட்டு ஓடு பறந்தால், சாந்தம்மா வீட்டில் ஆட்டுக்குட்டியே பறக்கும்.

கூட உட்கார்ந்திருக்கும் வினோதா மட்டும் தலையைத் தூக்க மாட்டாள். அவளுக்குச் சாமல்பட்டி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபெஞ்சல் புயல் வந்து, கடலே இல்லாத இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் வேனும் காரும் வெள்ளத்தில் போனதை எல்லாரும் போனில் பார்த்தார்கள். அந்த ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி இந்த லைனில் வினோதா ஒருத்திதான். ஆனால் யாராவது இவள் பக்கம் திரும்பினால் போதும், சாந்தம்மா குறுக்கே பாய்ந்துவிடுவாள்.

சுவேதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவளுக்கும் இதே மாவட்டம்தான், பாரூர். அஜித்குமாரைக் கட்டிக்கொண்டு ஆவணியில்தான் இந்த லைனுக்குக் குடிவந்தாள். வெளியூர்க்காரங்க சேர்ந்துகொண்டு நம்ம மாவட்டத்துக்காரியை வாயே திறக்க விடறதில்லை என்று புருஷனிடம் புலம்பிக்கொண்டே இருப்பாள். அப்போ நீயே கேளேன் என்று அவன் விளையாட்டாகச் சொன்னான்.

அன்றைக்குக் கேட்டே விட்டாள்.

"இவங்க கதை போதும். வினோதாக்கா, நீங்க சொல்லுங்க. அந்த மழையில உங்க வீட்டுல என்னாச்சு?"

வினோதாவின் கை நின்றது. உதடு லேசாகப் பிரிந்தது.

"அதெல்லாம் ஒரு புயலா?" என்றாள் சாந்தம்மா. "கடல் இல்லாத ஊருக்கு ஏது புயல்? ஏரித் தண்ணி ரோட்டுக்கு வந்தா அதுக்குப் பேரு புயலா? எங்க ஊருல ஒரு பஸ்ஸையே தூக்கி வயல்ல வச்சுச்சு."

"பஸ்ஸா?" என்று வஜிஹா எகிறினாள். "போன வருஷம் ஆட்டோன்னுதானே சொன்னீங்க?"

அவ்வளவுதான். ஆட்டோவா, பஸ்ஸா, அப்படியே பஸ் என்றாலும் டவுன் பஸ்ஸா, ரூட் பஸ்ஸா என்று பிடித்துக்கொண்டார்கள். அடுப்பில் பால் வைத்தேன் என்று சொல்லிவிட்டு வினோதா உள்ளே போய்விட்டாள்.

சுவேதா புதுசு என்பதை மறந்து பேசினாள். ஒரு மரம் அஞ்சு மரமானதை லைனே சொல்லிச் சிரிக்கிறது, அதையும் பொறுத்துக்கொண்டோம், நிஜமாகவே அடிபட்டவள் வாயைத் திறந்தால் மட்டும் உங்களுக்கு ஏன் எரிகிறது என்று கேட்டாள்.

"எங்க ஊருக்காரங்கன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாக்கா?"

சாந்தம்மா கோபப்படவில்லை. வினோதாவின் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ இப்பத்தான் வந்தவ, உனக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக. "அந்த மழையன்னைக்கு நானும் அவளும் ஒரே ஷிப்டு. போனை லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும். வேலை முடிஞ்சு வந்து எடுத்துப் பார்த்தா, அவங்கம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயிருக்காங்க. இவ திருப்பிக் கூப்பிட்டப்ப எடுக்க ஆளில்ல. மண்ணு சுவரு, ஊறி அவங்க மேலயே விழுந்துடுச்சு."

சுவேதா பிதுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"யாராவது கேட்டா சொல்லாம இருக்கத் தெரியாது அவளுக்கு. சொல்லிட்டான்னா அப்புறம் சோறு இறங்காது, தூக்கம் கிடையாது, வேலைக்கும் வர மாட்டா. ஒரு தடவை அப்படி ஆகி நாங்க பட்ட பாடு போதும். அதான் பேச்சு அவகிட்ட போறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறது."

"ஆனா பஸ்ஸு கொஞ்சம் ஓவர்க்கா," என்றாள் வஜிஹா, குண்டானைப் பார்த்தபடியே.

சுவேதாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கீழே சிந்திய தோலைப் பொறுக்கி ஒதுக்கினாள்.

"இருந்தாலும் அந்தப் புயல்ல நீங்களும் பட்டிருப்பீங்களேக்கா. அதையே எடுத்து வச்சுக்கிட்டு இப்படித் தமாஷா பேச எப்படி மனசு வருது?"

"நான் எங்க பட்டேன்?" என்று சாந்தம்மா அடுத்த கொட்டையைப் பிதுக்கினாள். "தானே புயல் அடிச்சப்ப நான் இங்கதான் இருந்தேன், இதே ரூம்ல. புயலை நான் டீவியிலதான் பார்த்தேன் கண்ணு."