ஒன்பதாவது ஊசி

"நாய்க்கடிக்கு இது ஒன்பதாவது ஊசிங்களா?"

சபரீஷ் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நகரம் இலவசமாக விட்டிருக்கும் ஆஸ்பத்திரி வேன் அது. துடியலூரில் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றிருந்தது. நோய் எதுவும் இல்லாத மூன்று பேர் அதில் அடிக்கடி போய், ஆஸ்பத்திரி வாசலில் நிலக்கடலை தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள் என்று புகார். வேன் திட்டத்தின் மேற்பார்வையாளன் சபரீஷ்.

"ஆமாங்க, ஒன்பதாவது," என்றார் எபினேசர். எழுபத்திரண்டு வயது. கம்பு போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு ஊசியோட முடிஞ்சிருமேங்க."

"ஒரே நாயா இருந்தா அஞ்சோட முடிஞ்சிருமுங்க."

சபரீஷ் அடுத்த வரிக்குப் போனான்.

"தெய்வாத்தாள். பல்வலி. ஏனுங்கம்மா, கொஞ்சம் வாயத் திறங்க."

திறந்தார். ஒரு பல் கூட இல்லை.

"பல்லே இல்லீங்களே!"

"பல்லு போயிருச்சுங் கண்ணு. வலி மட்டும் போகமாட்டேங்குது."

"பக்ருன்னிசா. பார்வை மங்கல்."

"ஆமா தம்பி. எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னே தெரியறதில்ல," என்றவர், அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "இது போன மாசமே முடிஞ்சு போச்சே. புதுசு வாங்கிக்குங்க."

சபரீஷ் அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டான்.

கடைசியாகச் சக்கர நாற்காலியில் சாராள். சர்க்கரையால் ஒரு காலை எடுத்தாயிற்று. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இன்றைக்குப் பத்து மணிக்கு. அவருடைய சீட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன.

"உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தானுங்கம்மா இந்த வண்டி. இவங்க உங்க இடத்தப் புடிச்சுக்கிட்டு..."

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றார் சாராள். "எனக்காவது இந்த ஒரு நோவுதான். அந்த அண்ணனப் பாருங்க, எந்தச் சந்துல போனாலும் நாய் கடிக்குது. பாவம்."

எபினேசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சபரீஷுக்குக் கோபம் தலைக்கேறியது. நிஜ நோயாளியிடமிருந்தே அனுதாபத்தையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

"மூணு பேரும் இறங்கிக்குங்க. பேர அடிச்சுப்போட்டேன். இனி இந்த வண்டிப் பக்கம் வரக்கூடாதுங்க. இந்த வயசுல இப்படிப் பொய் சொல்ல வெக்கமா இல்லீங்களா?"

யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தான். வரவில்லை. மூன்று பேரும் சாராளைப் பார்த்தார்கள். தெய்வாத்தாள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பக்ருன்னிசா அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"வாரமுங்க," என்று எபினேசர் இறங்க, மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

மணி ஒன்பது பத்து.

"வண்டிய எடுங்க. அம்மாவுக்கு நேரமாவுது."

டிரைவர் மாசாணம் சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். சபரீஷை வண்டிக்குப் பின்னால் வரச்சொல்லிக் கைகாட்டினார்.

"எடுக்க முடியாதுங்க சார்," என்றார் மெதுவாக.

"ஏன்?"

"நாலு நோயாளி கட்டைவிரல் வெச்சாத்தான் மெஷின் டிரிப்பு குடுக்கும். ஒத்த ஆளுக்காக வண்டி ஓடுனா டீசல் வீணுன்னு நீங்க அனுப்புன ஆர்டருங்க."

"அவசரம்னா..."

"அவசரத்துக்கு அதுல பட்டனே இல்லீங்க."

அந்த ஆர்டரை எழுதியவன் சபரீஷ்தான். அதை மாற்ற வேண்டுமென்றால் ஃபைல் மேலே போய்க் கீழே வர இரண்டு மாதமாகும்.

"சேரோட ஏத்தற வண்டி இந்தப் பக்கம் இது ஒண்ணுதான். ஆர்டர் வந்த வாரம் அந்தம்மா ரெண்டு டயாலிசிஸ் போகல. மூஞ்சி, கையெல்லாம் வீங்கிப்போச்சு. அதுக்கு அடுத்த நாளுதானுங்க எபினேசர் ஐயாவ மொத நாய் கடிச்சுது."

"இத என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அந்தம்மா முன்னாடியா? தனக்காகத்தான் மூணு பேரு பொழப்ப உட்டுப்போட்டு வாராங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் வண்டியே ஏறமாட்டாங்க சார். ஊட்லயே கெடந்து போயிருவாங்க."

சபரீஷ் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடினான். மூன்று பேருக்கும் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாததால், பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் அவர்களைப் பிடிக்க முடிந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்கு வேனில் நான்கு கட்டைவிரல்கள் வரிசையாக வைக்கப்பட்டன. மெஷின் ஒத்துக்கொண்டது. மாசாணம் வண்டியைக் கிளப்பினார்.

"என்னங்க சார், இறக்கி உட்டுப்போட்டு நீங்களே கூட்டிட்டு வந்திருக்கறீங்க?" என்றார் சாராள் கலவரத்துடன். "ஏதாவது பிரச்சினைங்களா?"

சபரீஷ் மூச்சு வாங்க, அடித்த மூன்று பெயர்களையும் பதிவேட்டில் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான்.

"நல்லா விசாரிச்சுப்போட்டேனுங்கம்மா. மூணு பேருக்கும் ரொம்ப முத்திப்போச்சு. வாரம் மூணு நாளும் தவறாம வந்தே ஆகோணும்."