கண் மூடிய தாமரை

வகுப்பு நடக்கும்போது பிள்ளை பாடத்தைப் பார்க்கிறதா, பராக்குப் பார்க்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு செயலி வந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

தலைமையாசிரியைக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் வினை.

பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றப் போகிறார்கள். வேலை முடிகிற வரைக்கும் வகுப்பெல்லாம் போனில்தான். எதை வைத்து நடத்துவது என்று முடிவு செய்ய, ஆசிரியர்கள் எல்லோரும் ஓய்வறையில் கூடியிருந்தார்கள்.

"சாதாரண வீடியோ கால் போதும் மேடம்," என்றாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். "அம்மாக்களுக்கெல்லாம் அதுதான் பழக்கம். பிள்ளைங்களே அமுக்கிடும்."

"வீடியோ கால்னா சந்தைக்கடை," என்றார் தலைமையாசிரியை. "இந்தத் தம்பி கொண்டு வந்திருக்கிற ஆப் அப்படி இல்ல. கண்ணு திரையை விட்டு நகர்ந்தா சிவப்புக் குறி விழும். அதிகமா சிவப்பு வாங்கின பிள்ளை, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு காரணம் சொல்லணும்."

செயலி விற்க வந்த தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் மகளும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். சோறு ஊட்டும்போதே வாய் இங்கே, கண் எங்கேயோ. எறும்பு ஊர்ந்தால் அதை வழியனுப்பிவிட்டுத்தான் அடுத்த வாய் வாங்குவாள். தினமும் அவள்தானே எழுந்து நிற்பாள்?

"மேடம், ஆறு வயசுப் பிள்ளை பராக்குப் பார்க்காம வேற எதைப் பார்க்கும்?"

"பழக்கினா பழகும் டீச்சர். முதல்ல நாமளே செஞ்சு பார்த்துடுவோம். கணக்கு டீச்சர் பாடம் நடத்தட்டும். மத்தவங்க எல்லாரும் பிள்ளைங்களா உட்காருவோம், நானும்தான். அதே சட்டம் நமக்கும்."

தம்பி ஆளுக்கொரு போனைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் பெயர். யார் எந்தப் பூ என்று அவரவருக்கு மட்டும்தான் தெரியும். முகத்தையும் அந்தச் செயலி மட்டும்தான் பார்க்குமாம். எல்லோரும் தனித்தனி வகுப்பறையில் போய் உட்கார்ந்தார்கள்.

கணக்கு டீச்சர் பின்னம் பாடத்தைப் பின்னு பின்னென்று பின்னினார். ஒன்றாம் வகுப்பு டீச்சரே நடுவில் ஜன்னலில் வந்த பூனையைப் பார்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாடம் முடிந்து எல்லோரும் ஓய்வறைக்குத் திரும்பியதும், தம்பி முடிவை வாசித்தார்.

"ரோஜா, ஆறு சிவப்பு. மல்லிகை, ஒன்பது. செம்பருத்தி ஒண்ணுகூட இல்ல, சபாஷ்! தாமரை..." கொஞ்சம் தயங்கினார். "தாமரை பாதி வகுப்புக்கு மேல கண்ணையே திறக்கல மேடம்."

அறையே கொல்லென்று சிரித்தது. பிறகு சட்டம் ஞாபகம் வந்து, கப்சிப்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, கடைசியில் எல்லார் கண்ணும் விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் மேல் போய் நின்றது. போன ஆண்டு விழாவில் மேடையிலேயே தூங்கி, மைக்கில் குறட்டை விட்டவர் அவர்.

பி.டி. சார் எழுந்து நின்றார்.

"நான்தான் தாமரை."

"இந்தத் தொப்பைக்குத் தாமரையா!" என்று அறிவியல் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். "காரணத்தைச் சொல்லுங்க தாமரை சார்!"

"கணக்கு டீச்சர் குரல் தாலாட்டு மாதிரி இருந்துச்சு. என்னையறியாம சொக்கிட்டேன்."

"நான் பின்னம் நடத்தினேனா, தொட்டில் ஆட்டினேனா?" என்று கணக்கு டீச்சர் பொரிந்தார்.

தலைமையாசிரியை டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும். இந்த ஆப் வேண்டாம் தம்பி."

"மேடம், தூங்கினவரைக் கையும் களவுமா பிடிச்சுக் கொடுத்திருக்கே! இதுக்கு மேல என்ன வேணும்?"

"வேண்டாம்னா விடுங்களேன். வீடியோ காலே இருக்கட்டும். சந்தைக்கடையா இருந்தாலும் பரவாயில்ல."

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்க தூங்கினீங்க, என் பொண்ணு பிழைச்சா சார்," என்று பி.டி. சாரிடம் கிசுகிசுத்தாள்.

அறிவியல் சாருக்குத்தான் ஆறவில்லை. "ஒருத்தர் தூங்கி, வெளியாள் முன்னாடி மொத்தப் பள்ளிக்கூடத்து மானமும் போச்சு. மேடம் முகத்தைப் பார்த்தீங்களா? எப்படிச் சுண்டிப்போச்சு!"

சாயங்காலம் பி.டி. சார் மைதானத்து ஓரமாகப் பந்துகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வந்து நின்றார்.

"எதுக்கு சார் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய் மேடம்?"

"நீங்க தாமரை இல்ல."

பி.டி. சார் தலையைச் சொறிந்தார். "யாரோ பாவம் மேடம். எழுந்திருக்கவும் முடியாம, உட்காரவும் முடியாம தவிச்சிருப்பாங்க. எனக்கென்ன? நிக்கிறதும் நிக்க வைக்கிறதும்தானே என் தொழிலே."

"அது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும் மேடம்?"

தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்தார். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இனிமே கணக்கு டீச்சர் பேசற கூட்டத்துல என் பக்கத்துல உட்காருங்க சார். எனக்குக் கண்ணு சொருகினா, யாருக்கும் தெரியாம முழங்கையால ஒரு இடி இடிச்சு விடுங்க."