அளவான சந்தோஷம்

பெரிய மார்க்கெட்டிலிருந்து ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடியே வந்தான் அன்பழகன். ஒரு கையில் வஞ்சிர மீன், மறு கையில் முழம் முழமாக மல்லி. நீலச் சுவர்களுக்கிடையே மல்லி வாசம் பரவ, மூலக்குளத்து வீடு கடலடியில் கிடப்பது போலிருந்தது.

அவன் மனைவி சந்திரகலா நோட்டைத் திறந்தாள். பைபோலார் மனநோய் என்று தெரிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. ‘சந்தோஷம் அளவு மீறுதான்னு தினமும் எழுதி வைங்க’ என்றிருந்தார் டாக்டர்.

“ராத்திரி தூங்கினீங்களா?”

“அடிச்சுப் போட்ட மாதிரி. நீதானே எழுப்புன?”

“ஏன் இவ்ளோ பூ?”

“பாத்தேன், புடிச்சுது, வாங்கிட்டேன்.”

“இன்னும் வாங்கணும்னு தோணுச்சா?”

“இல்லியே. பசிச்சுது, வந்துட்டேன்.”

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். அன்பழகன் எட்டிப் பார்த்தான்.

“டாக்டர் உன்னப் பத்தித்தானே எழுதச் சொன்னாரு? என்னப் பத்தி எதுக்கு எழுதுற?”

காலை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சொன்னாள் சந்திரகலா.

“போன மாசம் நாலு நாள் தூங்காம இந்தச் சுவருக்கெல்லாம் நீலம் அடிச்சேனே, அதைத்தாங்க சந்தோஷம்னு நெனச்சிட்டிருந்தேன். சாதாரண சந்தோஷம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியல. அதான் உங்களப் பாத்துக் கத்துக்கறேன்.”