யார் வீட்டுப் பிள்ளையோ

கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. ஸ்கேன் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள் போல என்று கொத்தனார் மூடிய கதவருகே நிற்கிறார். போன தடவை, "குழந்தையோட துடிப்பு இன்னும் தெரியல, நாள் போகட்டும்" என்று டாக்டரம்மா அனுப்பியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது உள்ளேயிருந்து, சல்லடையில் மணல் சலிக்கிற வேகத்தில், ஒரு துடிப்பு கேட்கிறது. காய்த்த உள்ளங்கையைக் கதவில் வைக்கிறார், கண் நிறைகிறது. பின்னாலிருந்து மனைவி தோளைத் தொடுகிறாள். "நீ உள்ள இல்லையா?" "குடிச்ச தண்ணிய அடக்க முடியலைங்க, போயிட்டு வந்தேன். மறுபடி குடிச்சிட்டு உக்காரணுமாம்." "அப்ப இது?" "யாரு வீட்டுப் பிள்ளையோ. அதுக்குப் போய் அழறீங்களே, கைய எடுங்க." அவர் எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளும் மெல்லக் காதைக் கதவில் வைக்கிறாள்.