வெறும் தூளி

மவுஸ் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் போதும், கணினித் திரையில், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் சுகிர்தாவின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். சீட்டில் இல்லையா என்று அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். அதனால் குழந்தையைத் தூங்கவைக்கும்போது மவுஸைத் தூளியோடு நூலால் கட்டிவிட்டாள். தூளி ஆட ஆட, மேசைமேல் மவுஸும் நகர்ந்தது. குழந்தை தூங்கிய பிறகும் நிறுத்தப் பயந்து ஆட்டிக்கொண்டே இருந்தாள்; ஆட்டிய வேகத்தில் அது வீறிட்டு எழுந்தது. கணவன் குமரவேல் ஓடிவந்து அள்ளிக்கொண்டான்.

“புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ போய் வேலையப் பாரு.”

மேசை நாலு எட்டு தூரம்தான். அதற்குள் மஞ்சளாகிவிட்டால்? அவள் தூளியை விடவில்லை.

“ஏய், வெறும் தூளிய ஆட்டாத. புள்ளைக்கு வயித்துவலி வரும்.”

“தெரியும்ங்க,” என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பச்சையாத்தான் இருக்கு.”