யார் பெயர் முதலில்?

"இது என்னப்பா கிரகசாரம்?"

பொங்கல் மலரைப் பிரித்ததும் ஆசிரியர் ஐயாசாமிக்குத் தலை சுற்றியது. முதல் பக்கத்தில் புரவலர்களின் பெயர்களும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரு பெரிய வட்டமாகக் கைகோத்து நின்றன. நடுவில் ஒரு பொங்கல் பானை.

"வட்டம் ஐயா," என்றான் சுப்ஹான். ஜோகூர் பாருவில் நடந்துவந்த அந்தப் பத்திரிகைக்குப் படம் போடுவது, எழுத்துக் கோப்பது, பக்கம் கட்டுவது எல்லாம் அவன்தான்.

"வட்டம்னு எனக்கும் தெரியுது. பாதிப் பேர் தலைகீழா தொங்குறாங்களே, அதைக் கேக்கறேன்!"

"பித்தளைப் பட்டையை வளைச்சு, எழுத்தை ஒண்ணொண்ணா நிறுத்திக் கோத்தேங்க. இந்த ஊர்ல யாருமே இப்படிச் செஞ்சதில்ல."

"செய்ய மாட்டாங்க. அவங்களுக்கெல்லாம் புத்தி இருக்கு."

இவனோடு மல்லுக்கட்டியே ஐயாசாமிக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. மற்ற அச்சுக்கூடத்துக்காரர்கள் ஓரத்தில் பூ வைத்து, நடுவில் படம் வைத்து ஒழுங்காகப் பிழைக்கிறார்கள். இவன் சீனக் கடைப் பெயர்ப்பலகை, மலாய் நாடக நோட்டீஸ், பிஸ்கட் டின் மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து பத்திரிகையில் இறக்குவான். ஒருமுறை சீனப் பலகை மாதிரி தலைப்பை மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டான். கழுத்து வலிக்குத் தைலம் அனுப்பச் சொல்லி வாசகர் ஒருவர் கடிதம் போட்டார்.

அதையெல்லாம் சிரித்துத் தொலைக்கலாம். புரவலர் பெயர் விஷயம் அப்படியா?

போன வருடம் வம்பே வேண்டாமென்று ஆசிரியர் பெயரையும் சேர்த்து அகர வரிசையில் போட்டார்கள். 'ஐயாசாமி' முதலில் வந்து தொலைத்தது. ஆசிரியர் தன் பெயரை உச்சியில் வைக்கத்தான் அகர வரிசையைக் கண்டுபிடித்தார் என்று ஊரெல்லாம் புகைச்சல். காகிதம் வாங்கித் தந்தவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். மாதக்கணக்கில் பத்திரிகை படுத்துவிட்டது. இன்னொரு தடவை படுத்தால் எழுந்திருக்காது.

"அதனாலதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? என் பேரை எங்கேயாவது மூலையில போடு, நான் பேருக்கு அலையறவன் இல்லன்னு?"

"வட்டத்துல மூலை ஏதுங்க ஐயா? அதான் அடியில வச்சிருக்கேன்."

"எங்கேர்ந்துடா வந்துச்சு இந்த யோசனை?"

"சீனன் காப்பிக்கடையில வட்டமா பளிங்கு மேசை போட்டிருக்கான் பாருங்க. அதைச் சுத்தி உட்கார்ந்தா யாரு முதல், யாரு கடைசி?"

"காப்பிக்கடைக்குப் போனா காப்பி குடிக்கணும்லா! அலமாக், அட கடவுளே... நான் யோங் பெங் போயிட்டு வர்றதுக்குள்ள அத்தனையும் அடிச்சும் முடிச்சிட்டே. இப்ப புரவலருங்க மலர் வாங்க வந்துடுவாங்க. ஒருத்தர் முகம் கோணட்டும், நீ உன் பித்தளைப் பட்டையைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

வாசலில் வண்டிச் சத்தம். குத்தகைக்காரர் செல்லப்பன்தான். போன வருடம் அதிகம் குதித்தவர்.

ஐயாசாமி மலரை நீட்டினார். செல்லப்பன் புருவத்தைச் சுருக்கினார். மலரை மெல்ல வலப்பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என்னை உச்சியில வச்சிட்டீங்களே! மத்தவங்க மனசு கஷ்டப்படுமே ஐயா?"



அடுத்து மளிகைக்கடை ஜெய்னுலாபுதீன் வந்தார். மலரை இடப்பக்கம் திருப்பினார்.

"எனக்கு எதுக்குங்க முதல் இடம்?" என்று கூச்சப்பட்டவர், கடைக்கென்று கூடுதலாக ஒரு கட்டு மலரை அள்ளிக்கொண்டு போனார்.

லாபிஸிலிருந்து ரயிலேறி வந்த தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி கனகராஜ் அதை எந்தப் பக்கமாகத் திருப்பினாரோ, "இப்பதான் உங்க பத்திரிகைக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு. அடுத்த வருஷக் காகிதத்துக்கு நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு ஐயாசாமி அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பாத்தியாடா கூத்தை? பானை சாஞ்சு பொங்கல் கொட்டினாக்கூடக் கவலையில்ல, அவனவன் பேரு மேல நிக்கணும்! பெரிய மனுஷங்களாம். ச்சே, இந்தப் பேராசையை என்னன்னு சொல்றது!"

"அப்ப நான் கிளம்ப வேணாங்களா ஐயா?"

"போடா, போயி ரெண்டு காப்பி வாங்கிட்டு வா. அந்தப் பளிங்கு மேசைக்காரன் கிட்டயே வாங்கு."

சுப்ஹான் போனதும் ஐயாசாமி நாற்காலியில் சாய்ந்து ஒரு மலரைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பயல் கெட்டிக்காரன்தான். என்ன ஒரு கோப்பு, என்ன ஒரு அச்சு! 'ஆசிரியர் ஐயாசாமி' என்ற எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மனசு குளிர்ந்துபோயிற்று.

காப்பியோடு திரும்பி வந்த சுப்ஹான் பக்கத்தில் நின்று அவர் கையிலிருந்த மலரைப் பார்த்தான். குவளையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"ஐயா, அவங்க பானையாச்சும் சாஞ்சுதான் இருந்துச்சு. உங்க பானை முழுசா கவுந்தே கிடக்குதுங்களே!"